பூச்சுக்கு முன் பைண்டர் கம் அடிக்கலாமா?

கேள்வி (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகி): வணக்கம் அண்ணை. எங்களுடையது மீள்குடியேறி வந்த காலத்தில் கட்டின வீடு. கையில் இருந்த காசுக்கு உள்ளே மட்டும்தான் பூசி பெயின்ற் அடித்தோம், வெளிச்சுவர் இன்னும் வெறும் புளொக் கல்லாகவே நிற்கிறது. இந்த முறை மாரிக்கு முன்னம் வெளிப்பூச்சை முடித்து, உள்ளே பூச்சு கழன்ற இடங்களையும் சரிசெய்ய நினைக்கிறோம். லண்டனில் இருக்கிற தம்பி, பி.வி.ஏ. பசையைச் சுவருக்கு அடித்துவிட்டுப் பூசச் சொல்லு, இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். மேசன் தண்ணீர் அடித்தால் போதும் என்கிறார். ஹார்ட்வெயாரில் கேட்டால் வெள்ளையாக இரண்டு கான்களை எடுத்து வைத்து, ஒன்று பைண்டர் கம், மற்றது எஸ்.பி.ஆர்., அது விலை கூட என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வெளிச்சுவரின் பெரும்பகுதிக்கு பைண்டர் கம்மும் வேண்டாம், எஸ்.பி.ஆர். என்கிற ரப்பர் இனப் பாலும் வேண்டாம், உங்கள் மேசன் சொல்வதுதான் சரி. தம்பி சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அது அந்த ஊர்ச் சுவருக்குச் சரியான கதை. அங்கே வீட்டுக்குள் பூசுவது பெரும்பாலும் ஜிப்சம் பூச்சு, சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். பழைய உலர்ந்த சுவர் அந்த மெல்லிய பூச்சிலிருந்து தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சினால் தேய்த்து முடிப்பதற்குள் இறுகிவிடும், அதைத் தடுக்கத்தான் பி.வி.ஏ.யை ஒன்றுக்கு நாலு ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து முதலில் ஒரு தடவை அடிக்கிறார்கள், பிறகு கொஞ்சம் கெட்டியாக இன்னொரு தடவை அடித்து, அது கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே பூசுகிறார்கள். நாங்கள் பூசுவது அரை அங்குலத்துக்குக் குறையாத சீமெந்துக் கலவை, அதுவும் வெயிலும் மழையும் நேரே அடிக்கிற சுவரில்.

கடைக்காரர் பைண்டர் கம் என்று தருவது பொதுவாக இந்தப் பி.வி.ஏ.தான், தச்சுவேலைக்குப் பாவிக்கிற அதே வெள்ளைப் பசை. அதன் பெரிய குறை, காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் திரும்ப இளகும். சீமெந்தில் இருக்கிற காரமும் சேர்ந்தால் ஈரத்தில் அது நாளடைவில் சிதைந்து பிடி விட்டுவிடும். மார்கழி மழை நாள்கணக்காக நின்று பெய்கிற ஊரில், வெளிப்பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் அப்படியொரு படலத்தைக் காசு கொடுத்து வைக்காதீர்கள். இன்னொன்று, அந்தப் பசை ஒட்டுப்பதத்தில் இருக்கும்போதே கலவை ஏறவேண்டும், காய்ந்துவிட்டால் வழுவழுப்பான தோல் மாதிரி ஆகி, பிடிக்கவைப்பதற்குப் பதிலாகப் பிரித்துவைக்கும். எங்கள் வெயிலிலும் சோளகக் காற்றிலும் அந்தப் பதம் எவ்வளவு நேரம் நிற்கும்? மேசன் ஒரு வாளி கலவை முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் சுவர் காய்ந்துவிடும்.

சரி, அப்போது என்ன செய்வது? வெறும் புளொக் கல்லைக் கம்பித் தூரிகையால் உரசித் தூசு, பாசி எல்லாம் போகக் கழுவுங்கள். பூசுவதற்கு முன் நனையுங்கள், ஆனால் ஊறப்போட வேண்டாம், தண்ணீர் பளபளவென்று மேலே நிற்கிற சுவரில் கலவை வழுக்கும். கையால் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், விழுந்த உடனேயே துளி மறைந்தால் இன்னும் நனைக்கவேண்டும், வழிந்து ஓடினால் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து அல்லது ஆறு. மணலைத்தான் நான் பசையை விடப் பெரிதாகப் பார்ப்பேன். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிச் சில மணிநேரம் வையுங்கள், மேலே தடிப்பாகக் களி படிந்தால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். களிமண் கலந்த மணலில் பூசினால் எந்தப் பசை அடித்தாலும் வெடிக்கும். கடற்கரை மணல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தொடவே வேண்டாம், உப்புப் பூத்துப் பெயின்ற் முழுக்க உரியும்.

வெளியில் செலவழிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கொங்கிறீற் தூண், பீம், கதவு யன்னலுக்கு மேலே வார்க்கிற லின்டல். பலகை அடித்து வார்த்ததால் அவை வழுவழுப்பாக இருக்கும், பூச்சு முதலில் கழன்று விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். வெட்டிரும்பால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, இரண்டு என்று தண்ணியாகக் கலந்து சாந்தகப்பையால் விசிறி அடித்து, பரபரவென்று அப்படியே இறுக விடுங்கள், நனைத்து வைத்து ஓரிரு நாள் கழித்துப் பூசலாம். அல்லது அந்த இடத்துக்கு மட்டும் எஸ்.பி.ஆர். சின்னக் கான் ஒன்று வாங்கி, சம அளவு தண்ணீரில் கலந்து, சீமெந்து போட்டுத் தயிர்ப் பதத்தில் குழைத்துத் தேய்த்து, ஈரம் காயமுன் பூசச் சொல்லுங்கள். அது காய்ந்தபின் தண்ணீருக்கு இளகாது. தூணும் கல்லும் சந்திக்கிற கோட்டில் ஒரு கம்பி வலைத் துண்டும் அடித்தால் பிறகு நெடுக வெடிப்பு ஓடுவது குறையும்.

உள்ளே கழன்ற இடத்துக்கு: சாந்தகப்பையின் பிடியால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று கேட்கிற வரைக்கும் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். பக்கத்துப் பெயின்ற் மேலே பசையை அடித்துப் பூசினால் பூச்சு பிடிப்பது பெயின்ற்றைத்தான், சுவரை அல்ல. கழன்றது நிலத்தோடு ஒட்டிய அடிச்சுவர் என்றால் அது ஈரம் ஏறுகிற இடமாக இருக்கலாம், அங்கே கம் வேண்டவே வேண்டாம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். உலர்ந்த உள்சுவரில் மெல்லிய புட்டி வேலைக்குத்தான் பைண்டர் கம்முக்கு ஏதாவது வேலை உண்டு, அதற்கும் புட்டிப் பையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு அடியுங்கள்.

பூசி முடிந்ததும் ஒரு கிழமையாவது காலையும் மாலையும் நனையுங்கள். மேற்குச் சுவருக்குச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். கம்முக்குப் போகவிருந்த காசை இந்த ஒரு கிழமைக்குத் தண்ணீர் அடிக்க ஒரு ஆளுக்குக் கொடுத்தால் சுவருக்கு அதுதான் லாபம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): குளியலறைச் சுவருக்கு பைண்டர் கம் அடித்துப் பூசினார்கள், சில மாதத்திலேயே பூச்சு தகடாகக் கழருகிறது. தண்ணீர் தாங்கும் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். காசைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கானைத் தேடி எடுத்துப் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசியுங்கள். உள் வேலைக்கு மட்டும் என்றோ, ஈரமான இடத்துக்கு வேண்டாம் என்றோ இருந்தால் வழக்குப் பலவீனம், கடைக்காரர் வாயால் சொன்னதற்குச் சாட்சி வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் தண்ணீர் தாங்கும் என்று கானிலேயே போட்டிருந்தாலோ, பெரிய கானிலிருந்து பெயரில்லாத போத்தலில் ஊற்றித் தந்திருந்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு முக்கியம். கேட்டால் வியாபாரி அதைத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது, துண்டுத்தாளில் கூட்டிக் கழித்துத் தருவதை வாங்கிக்கொண்டு வராதீர்கள், பொருளின் பெயரையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள்.

கானில் மிச்சம் இருந்தால் அதையே சோதிக்கலாம். ஒரு பிளாஸ்ரிக் மூடியில் மெல்லிதாகப் பூசி நன்றாகக் காயவிட்டுத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பி.வி.ஏ. என்றால் கண்ணாடி போல் காய்ந்தது திரும்ப வெள்ளையாகி, விரலால் தேய்த்தால் இளகி வரும். எஸ்.பி.ஆர். ரப்பராகவே நிற்கும். சுவரைப் பொறுத்தவரை கழருகிற பூச்சைக் கல் வரைக்கும் எடுத்து, பசைப் படலத்தையும் உரசிக் கொத்திவிட்டுத்தான் மறுபடி பூசவேண்டும், மேலே மேலே ஒட்டுப்போட்டால் அதுவும் விழும்.

கேள்வி (கிளிநொச்சி): போன வருடம் வாங்கிய பைண்டர் கம் அரைக் கான் தகரக் கொட்டிலுக்குள் கிடக்கிறது. பாவிக்கலாமா?

பதில்: கானில் காலாவதித் திகதி இருந்தால் அதைப் பாருங்கள். கலக்கும்போது கட்டி கட்டியாக வந்தாலோ புளித்த மணம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள், தகரத்துக்குக் கீழ்ச் சூட்டில் இருந்தது பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருந்தால் கதிரை, மேசை ஒட்டப் பாவியுங்கள், சுவருக்கு வேண்டாம்.