வாக்கு எந்த ஊரில் இருக்க வேண்டும்?

தம்பிக்கு வணக்கம். வேலைக்காகப் பெங்களூரு வந்து ஆறு மாதமாகிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் திருநெல்வேலியிலேயே இருக்கிறது, அங்கே சொந்த வீடும் இருப்பதால் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள் என்பதே, 26 ஆண்டுகளாகப் பெங்களூரின் அல்சூரில் குடியிருக்கும் என் பதில்.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதால் மட்டுமே அங்கே வசிப்பவராகக் கருதப்பட மாட்டார் என்கிறது அதன் 20ஆவது பிரிவு. இரண்டு ஊரிலும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 17ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கான படிவம் 6 உங்களுக்கு வேண்டாம், குடிமாறியவர்களுக்கான படிவம் 8ஐ நிரப்புங்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு.

'நாம் பிழைக்க வந்தவர்கள்தானே' என்று நானும் பல ஆண்டுகள் ஒதுங்கியே இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி ஏறியபோது தெருவார் சேர்ந்து மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்க வந்த பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா, பெயருக்கு எதிரே வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதச் சொன்னார். என்னிடம் இருந்ததோ ஊர் அட்டை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டது இன்றும் உறுத்துகிறது. மறு வாரமே விண்ணப்பித்தேன்.

பட்டியல் வெளியானதும் தவறாமல் பாருங்கள். என் மனைவியின் பெயரிலுள்ள ழகரம் கன்னடத்தில் ளகரமாகியிருந்ததைப் பிழையென்று சொல்ல முடியாது, ஆனால் கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. எழுத்துக் கூட்டியாவது கன்னடம் வாசிக்கக் கற்றிருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. நாட்டில் எங்கும் குடியேறும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது உறுப்பு தருகிறது என்றால், மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்து சகோதர உணர்வை வளர்ப்பதை 51ஏ உறுப்பு நம் கடமையாக்குகிறது; அந்தக் கடமை இந்த ஊரில் கன்னடம் கற்பதிலிருந்தே தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன். இங்கே ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது.

விண்ணப்பித்தபின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வரக்கூடும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமானால், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.