மறு: தொப்பி போட்டால் எல்லோரும் பார்க்கிறார்கள், என்ன செய்ய?

ஃபெல்ட் தொப்பி (ரோமத்தை அழுத்திச் செய்யும் கனத்த துணியில் ஆனது) வாங்கிவிட்டு, மதுரையில் டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நண்பரே, அப்படிப் போட்டுப் போட்டுக் கழற்றுவதுதான் கண்ணை இழுக்கும். தெருவில் இருக்கும்வரை தலையிலேயே இருக்கட்டும்.

முதலில் அளவு. நெற்றி நடுவிலிருந்து காதுக்குச் சற்று மேலாக டேப்பைச் சுற்றிப் பாருங்கள். தொப்பி லூஸாக இருந்தால் உள்பட்டைக்குள் காகிதத்தை மடித்துச் செருகலாம். அடிக்கடி கை தலைக்குப் போனாலே கூச்சம் தெரிந்துவிடும்.

அடுத்தது, நம்ம ஊர் வெயிலுக்கு ஃபெல்ட் ஆகாது, வேர்த்து ஊற்றும். மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பனாமா தொப்பி பாருங்கள். ஈக்வடாரில் டொக்கில்லா என்ற செடியின் நாரில் நெய்வது, காற்று போகும். உச்சியைக் கிள்ளித் தூக்காதீர்கள், மடிப்பில் நார் விட்டுப்போகும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். சட்டை ஒரே நிறத்தில் இருக்கட்டும். பூப்போட்ட சட்டையும் தொப்பியும் சேர்ந்தால் எனக்கென்னவோ கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும்.

கிண்டல் வரத்தான் செய்யும். "என்ன, எம்.ஜி.ஆர்னு நெனப்பா?" என்பார்கள். அவர் முதலமைச்சராக இருந்தபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தானே வலம்வந்தார்! "ஆமாண்ணே, ஓட்டு உண்டா?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லுங்கள்.