பள்ளி இணையதளத்தில் உடைந்த லிங்க் என்றால் என்ன, அதை எப்படிச் சரிசெய்வது?

அழுத்தினால் போகவேண்டிய பக்கம் அங்கே இல்லாமல் 404 என்று வந்து நின்றால் அதுதான் உடைந்த லிங்க். கடை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது, பழைய விசிட்டிங் கார்டு மட்டும் இன்னும் எல்லார் கையிலும் இருக்கிறது என்பது மாதிரி.

பள்ளித் தளத்தில் இது அதிகம் வரக் காரணம், ஒவ்வொரு ஜூனிலும் கட்டண விவரம், காலண்டர், சீருடைப் பட்டியல் என்று புது பிடிஎஃப் ஏற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடுகிறோம், மெனுவில் இருக்கும் லிங்க் போன வருடக் கோப்பையே தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, லிங்கில் சின்ன எழுத்து என்றால் விண்டோஸ் கணினியில் திறக்கும், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியான சர்வர் லினக்ஸில் ஓடினால் அங்கே திறக்காது, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். இதில் நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

கண்டுபிடிக்க, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் லிங்க் செக்கர் இலவசமாகக் கிடைக்கிறது, தள முகவரியைக் கொடுத்தால் போதும். அப்புறம், லிங்கில் புது முகவரியைப் போடுங்கள். பழைய முகவரி பெற்றோரின் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தால் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, வையுங்கள், பழையதைத் தட்டினாலும் புதியது திறக்கும். கோப்பின் பெயரில் வருடம் போடாமல், அதே பெயரில் புதியதை ஏற்றினால் லிங்க் உடையவே உடையாது.

404 வந்தால் சர்வர் விழுந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை, 'நீங்கள் கேட்டது இங்கே இல்லை' என்று சர்வரே சொல்லும் பதில்தான் அது.