கேளுங்க சொல்றோம்: பழைய போன்ல எஸ்எஸ்ஹெச் சர்வர்

கேள்வி: சார், பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு சும்மா கெடக்கு, டச் பாதி வேலை செய்யாது. அதுல டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டுல லினக்ஸ் கமாண்ட் ஓட்டற ஆப்) போட்டு எஸ்எஸ்ஹெச் (ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குள்ள பாதுகாப்பா போற வழி) சர்வர் ஓட்டி லேப்டாப்ல இருந்து உள்ள போகலாம்னு பாத்தா "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு"ன்னே வருது. ரூட் பண்ணாம (போனோட முழு அதிகாரத்தையும் எடுக்காம) இது நடக்காதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான், நெஜமாவா?

பதில்: ரூட்லாம் எதுக்குங்க, வேணவே வேணாம். நீங்க மாட்டிக்கிட்ட எடம் போர்ட் நம்பர் (ஒரு டிவைஸ்ல எந்த சர்வீஸோட கதவ தட்டணும்னு சொல்ற எண்). எஸ்எஸ்ஹெச்னா வழக்கமா போர்ட் 22, ஆனா ரூட் இல்லாத ஆண்ட்ராய்டுல சாதாரண ஆப் எதுவும் 1024க்கு கீழ இருக்கற போர்ட்ட தொட முடியாது, அதனால டெர்மக்ஸ்ல சர்வர் 8022ல தான் உக்காந்திருக்கும். நீங்க போர்ட் நம்பர் குடுக்காம கூப்பிட்டா லேப்டாப் நேரா 22ல போய் தட்டும், அங்க யாரும் இல்ல, ரெஃப்யூஸ்டு. "டைம்டு அவுட்"னு வந்தா அது வேற வியாதி: போன் வேற நெட்வொர்க்ல இருக்கும், இல்லன்னா கெஸ்ட் வைஃபைல ஒரு டிவைஸ் இன்னொண்ண பாக்க விடாம ரௌட்டர் தடுத்து வெச்சிருக்கும்.

மொதல்ல இருந்து சொல்றேன், கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க. டெர்மக்ஸ எஃப்-டிராய்டுல (ஓப்பன் சோர்ஸ் ஆப் கெடைக்கற எடம்) இருந்து எறக்குங்க. "பிகேஜி இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்ஹெச்" போட்டுட்டு "பாஸ்டபிள்யூடி"ன்னு அடிச்சு ஒரு பாஸ்வேர்ட் வைங்க (அடிக்கும்போது ஸ்கிரீன்ல ஒரு புள்ளி கூட வராது, கீபோர்ட் போச்சோன்னு பயந்துடாதீங்க), அப்புறம் "எஸ்எஸ்ஹெச்டி"ன்னு அடிச்சு எண்டர் தட்டுனா ஒண்ணுமே சொல்லாம அடுத்த லைனுக்கு போயிடும், அதுதான் ஓடுதுன்னு அர்த்தம். "ஐஎஃப்கான்ஃபிக்" போட்டா போனோட ஐபி தெரியும், 192.168.1.7னு வெச்சுக்குவோம், லேப்டாப்ல "எஸ்எஸ்ஹெச் -பி 8022 192.168.1.7". யூசர்நேம் பத்தி கவலையே வேணாம், டெர்மக்ஸ்ல ஒரே யூசர் தான், எந்த பேர் குடுத்தாலும் ஏத்துக்கும். ஃபைல் காப்பி பண்ண எஸ்சிபி போடுறப்ப மட்டும் போர்ட்டுக்கு பெரிய பி, நிறைய பேர் இங்கதான் தடுமாறுவாங்க.

இத்தோட நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு கீ லாகினுக்கு (பாஸ்வேர்டுக்கு பதிலா ஒரு கீ ஃபைல வெச்சு உள்ள போறது) மாறுங்க. போன்ல ஃபோட்டோ, டாக்குமெண்ட்னு நம்ம வாழ்க்கையே கெடக்கு, டெர்மக்ஸுக்கு ஸ்டோரேஜ் பர்மிஷன் குடுத்திருந்தா உள்ள வர்றவங்களுக்கு அதுவும் தெரியும், அதுக்கு பூட்டா வெறும் ஒரு பாஸ்வேர்ட் பத்தாது. எஸ்எஸ்ஹெச் பொறந்ததே பாஸ்வேர்ட் திருட்டாலதான், 1995ல ஃபின்லாந்துல ஹெல்சிங்கி டெக்னிக்கல் யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்ட் ஒட்டுக்கேட்டதுக்கு அப்புறம் தான் டாட்டு யூலோனென் இத எழுதுனாரு. லேப்டாப்ல "எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி ஈடி25519" போடுங்க, ரெண்டு ஃபைல் வரும், அதுல பப்னு முடியறது மட்டும் தான் போனுக்கு போகணும், இன்னொண்ணு லேப்டாப்ப விட்டு நகரவே கூடாது. லினக்ஸ்ல "எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி" இருக்கு, விண்டோஸ்ல அது கெடையாது, அதனால பப் ஃபைல்ல இருக்கற அந்த ஒத்த லைன அப்படியே காப்பி பண்ணி போன்ல ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல்ல (எந்தெந்த கீய உள்ள விடலாம்ங்கற லிஸ்ட்) ஒட்டுங்க, நடுவுல லைன் ஒடஞ்சா கீ செல்லாது.

கடைசியா எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் யெஸ்னு இருக்கறத நோ ஆக்கணும். இங்க நான் ஒருக்கா நல்லா மாட்டிக்கிட்டேன். கீ வேலை செய்யுதான்னு பாக்காமயே மாத்திட்டு, எஸ்எஸ்ஹெச்க்குள்ள இருந்துக்கிட்டே சர்வர நிறுத்தற "பிகில் எஸ்எஸ்ஹெச்டி" போட்டேன், சர்வரோட சேந்து என் செஷனும் போச்சு, உங்களோடது மாதிரியே டச் செத்த போன், ஓடிஜி கேபிள்ல கீபோர்ட் மாட்டி தான் மீட்டேன். அதனால பழைய சர்வர தொடாம "எஸ்எஸ்ஹெச்டி -பி 8023"ன்னு புது கான்ஃபிக்ல இன்னொண்ணு கெளப்புங்க, வேற விண்டோல அது வழியா உள்ள போக முடிஞ்சா மட்டும் பழசு மேல கை வைங்க.

கேள்வி: நல்லா ஓடுது சார், ஆனா ஸ்கிரீன் ஆஃப் ஆகி கொஞ்ச நேரத்துல கனெக்‌ஷன் உறைஞ்சு போகுது. ஏன்?

பதில்: போன் தூங்கப் போயிடுது. "டெர்மக்ஸ்-வேக்-லாக்" போடுங்க, செட்டிங்ஸ்ல டெர்மக்ஸுக்கு பேட்டரி ஆப்டிமைசேஷன எடுத்துடுங்க. அப்பவும் "சிக்னல் 9"னு வந்து செத்தா அது ஆண்ட்ராய்டு 12ல வந்த கட்டுப்பாடு, எல்லா ஆப்போட சைல்ட் புராசஸும் (ஆப் தனக்குள்ள கெளப்பற துணை புரோகிராம்) சேத்து 32 தாண்டுனா அதுவே கொன்னுடும். முக்கியமான வேலைய டிமக்ஸுங்கற புரோகிராமுக்குள்ள ஓட்டுனா, வைஃபை கட் ஆனா கூட வேலை நிக்காது. இன்னொண்ணு, இருபத்திநாலு மணி நேரமும் சார்ஜர்ல கெடக்கற பழைய போனோட பின்பக்கத்த அப்பப்ப தடவிப் பாருங்க, பேட்டரி லேசா உப்புன மாதிரி இருந்தா அன்னிக்கே நிறுத்திடுங்க.

கேள்வி: வெளிய இருக்கும்போது வீட்டு போனுக்குள்ள போகணும். ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றத போனுக்கு திருப்பி விடறது) பண்ணிடவா?

பதில்: வேணாங்க. தெறந்த போர்ட்ட தேடி பாட் எல்லாம் ராப்பகலா சுத்துது, 8022னு வெச்சா கண்ணுல படாதுன்னு நெனைக்காதீங்க. நெறய கனெக்‌ஷன்ல அது வேலையும் செய்யாது, ரௌட்டர்ல வான் ஐபி (இன்டர்நெட் பக்கம் இருக்கற ஐபி) 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா ஒரே பப்ளிக் ஐபிய பல பேர் பங்கு போட்டுக்கறீங்கன்னு அர்த்தம், வெளிய இருந்து நேரா வர முடியாது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப்ப (உங்க டிவைஸ்கள மட்டும் தனி நெட்வொர்க்கா இணைக்கறது) போன்லயும் லேப்டாப்லயும் போடுங்க, எந்த போர்ட்டும் தெறக்க வேணாம், அது குடுக்கற ஐபிக்கு அதே 8022ல போனா போதும். ஆண்ட்ராய்டுல ஒரு நேரத்துல ஒரு விபிஎன் தான் ஓடும், வேற விபிஎன் ஆப் ஆன்ல இருந்தா அத ஆஃப் பண்ணிட்டு பாருங்க.