கிளிமஞ்சாரோ நடைக்கு நன்கொடை: பயணச் செலவை யார் கட்டுவது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக ஒக்டோபரில் கிளிமஞ்சாரோ ஏற விருப்பம். பதிவுக் கட்டணம் 400 பவுண். பிறகு இரண்டு வழி. 4,800 பவுண் சேர்த்துக் கொடுத்தால் பயணச் செலவை நிறுவனமே கட்டும். அல்லது அந்த 2,300 பவுணை நான் கட்டிவிட்டு, முடிந்ததைச் சேர்க்கலாம். அதில் மனைவியும் அண்ணனுமே 1,500 தருவார்கள். கையிருப்பு 7,000, மாதச் செலவு 1,100. எதை எடுப்பது?

பதில்: 2,300ஐ நீங்களே கட்டுங்கள். உங்கள் கையிருப்பு அதைத் தாங்கும்.

காரணம் கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகையில் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர் 1 பவுண் கொடுத்தால், அரசிடமிருந்து நிறுவனம் 25 பென்ஸ் பெறலாம். ஆனால் உங்கள் பயணத்துக்கு நிறுவனம் பணம் கட்டினால், நீங்கள் போடும் காசுக்கும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், அவர்களின் துணைவர் தரும் காசுக்கும் அது கிடைக்காது. நண்பர், வேலைத்தளத்தார் தருவதற்குத் தடையில்லை. முழுச் செலவையும் நீங்களே கட்டினால் வீட்டாரின் பணமும் சேரும்.

எல்லாரும் வரி கட்டுபவர்கள் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதல் வழியில் 4,800 சேர்ந்தால், மற்றவர்களின் 3,300க்கு 825 கிஃப்ட் எய்ட். பயணத்துக்கு 2,300 கழித்தால் பிள்ளைகளுக்குப் போவது 3,325. இரண்டாவது வழியில் அதே 4,800க்கு 1,200 கிஃப்ட் எய்ட். முழு 6,000மும் போகும். நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 2,300, அவர்களுக்குக் கூடுவது 2,675. தவிர, காசு தரும் சொந்தக்காரரிடம் 'உங்கள் காசில் நான் பயணம் போகவில்லை' என்று முகம் பார்த்துச் சொல்லலாம். முதல் வழியை எடுத்தாலோ, எவ்வளவு பயணத்துக்குப் போகிறது என்பதை நன்கொடைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதல் வழியில் இன்னொரு சிக்கல் காலக்கெடு. புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே தொகையின் பெரும்பகுதியைக் கேட்பார்கள். குறைந்தால் நீங்கள்தான் நிரப்ப வேண்டி வரும். இடையில் விலகினால் சேர்ந்த பணம் நிறுவனத்துக்கே உரியது. பயணச் செலவை உங்களிடம் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள்.

நம்மவர் அதிகம் பிழை விடுவது நன்கொடைப் படிவத்தில்தான். ஒவ்வொருவரின் முழுப்பெயர், வீட்டு எண், போஸ்ட்கோட், தொகை, திகதி, கிஃப்ட் எய்ட் அடையாளம் எல்லாவற்றையும் அவரவரே நிரப்ப வேண்டும். கடை முகவரியோ கந்தோர் முகவரியோ செல்லாது. கோயிலில் உறையில் சேர்த்த 200 பவுணை உங்கள் பெயரில் போட்டு அடையாளமிடுவது பிழை. அது பலர் தந்த காசு. பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி) இருக்கும் அப்பா அம்மா வருமான வரி கட்டாதவர்களானால் அடையாளமிடவே கூடாது. இட்டால், கோரிய வரியை அவர்களிடமே கேட்கலாம். தயவுசெய்து வயதானவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலும் காசு சேர்க்க வேண்டாம்.

மேற்செலவுக்கு 900 பவுண் ஒதுக்குங்கள்: தன்சானியா விசா 50 டொலர், சுமைதூக்கிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் அன்பளிப்பு 200 முதல் 300 டொலர், தடுப்பூசி, மலேரியா மாத்திரை, சப்பாத்து, காப்புறுதி. தூக்கப்பையை வாடகைக்கு எடுக்கலாம். மொத்தம் 3,600, கையில் 3,400 மிஞ்சும். மூன்று மாதச் செலவுக்கு அது போதும். அதற்குக் கீழே இறங்க வேண்டியிருந்தால் போக வேண்டாம் என்றே சொல்வேன். அந்த 3,600ஐ வீட்டிலிருந்தே நன்கொடையாகக் கொடுத்தால் கிஃப்ட் எய்டோடு 4,500 ஆகிவிடும்.

காப்புறுதியில் கவனம். சிகரம் 5,895 மீற்றர். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல அந்த உயரத்தை ஏற்பதில்லை. '6,000 மீற்றர் வரை மலைநடை' என்றும் அவசர மீட்பு அடங்கும் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டும் அன்றே அதை எடுங்கள்; அப்போதுதான் புறப்படுமுன் நோயால் ரத்தானாலும் ஒப்பந்தத்தின்படி இழப்பீடு கோர வழியிருக்கும்.