உதடு ஒட்டாத நீளச் சொற்கள்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

பள்ளித் தமிழ் மன்றப் போட்டிகளில் இப்போது சொல் தேடும் சுற்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் கொண்டு நீளமான சொல்லாகச் சொல்ல வேண்டும். உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லும் 'நிரோட்டம்' அதில் ஒரு வகை. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

பாளையங்கோட்டை, தமிழாசிரியை: அண்ணாச்சி, 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்' குறளை நிரோட்டத்துக்கு உதாரணமாச் சொல்லிக் கொடுக்கோம். ஒரு பிள்ளை 'நோ'வில உதடு குவியுதேன்னு கேக்கா. என்ன சொல்ல?

பிள்ளை கேட்பது நியாயம், டீச்சர். 341ஆம் குறளில் உதடு ஒட்டும் ப, ம இல்லை, வகரமும் இல்லை. ஆனால் ஓகாரம் இருக்கிறது. நிரோட்டத்தில் உதடு குவியவும் கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் 'இதழ் குவிவே' என்பது நன்னூல். பகர மகரத்துக்கு இரண்டு உதடும் சேரும். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும். ஆக ஐந்து உயிரும் மூன்று மெய்யும், அவற்றின் உயிர்மெய்களும் விலக்கு. 247 எழுத்தில் மிஞ்சுவது 128. அந்தக் குறளை 'உதடு ஒட்டாத குறள்' என்று சொல்லிக் கொடுங்கள், பிழையில்லை.

தென்காசி, பத்தாம் வகுப்பு மாணவர்: ஐயா, எங்க ஊர்ப் பேர் தேறுமா?

முழுசாகத் தேறும் தம்பி. இடிந்தகரையும் தேறும், ஆறெழுத்து. திருநெல்வேலி 'ரு', 'வே' இரண்டிலும் விழும். 'நெல்லை' என்றால் தப்பிக்கும். அம்பாசமுத்திரத்துக்கு நாலு இடத்தில் அடி. களக்காட்டில்தான் வழக்கு வரும். கடைசி 'டு' குற்றியலுகரம், பேச்சில் உதடு அவ்வளவாகக் குவியாது. இருந்தாலும் உகரம் உகரம்தான் என்பது என் கட்சி. நடுவர் போட்டிக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சண்டைதான்.

சங்கரன்கோவில், கல்லூரி மாணவி: ஆறு, ஏழு எழுத்துக்கு மேல போகவே மாட்டேங்குது அண்ணாச்சி. ம்-ல முடியுற சொல்லெல்லாம் வீணாப் போகுது.

வீணாகாதும்மா. 'அம்' ஈற்றுப் பெயரில் வேற்றுமை உருபு ஏறினால் மகரம் போய் 'அத்து' வந்துவிடும். கலைக்களஞ்சியம் தேறாது, 'கலைக்களஞ்சியத்தில்' தேறும், 11 எழுத்து. அதனால் முதலில் உருபுகளைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ, ஆல், இன், இல், இடத்தில் எல்லாம் கூடும். ஓடு, அது, உடைய, இருந்து கூடாது. 'கு' உருபுக்கு வழியே இல்லை. 'அரசனுக்குக் கொடுத்தான்' என்பதை 'அரசனிடத்தில் அளித்தான்' என்று திருப்ப வேண்டியதுதான்.

'ஆளர்' விகுதி நல்ல துணை. ஆராய்ச்சியாளர் 8, 'கள்', 'இடத்தில்' சேர்த்து 'ஆராய்ச்சியாளர்களிடத்தில்' 14.

சொற்களைச் சேர்க்கும்போது உடம்படுமெய்யைக் கவனியுங்கள். முன்சொல் இ, ஈ, ஐ-யில் முடிந்தால் யகரம் வரும்: கலை + அரங்கில், கலையரங்கில். நிலா + அழகி என்றால் 'நிலாவழகி', வகரம் புகுந்து ஆட்டம் முடிந்தது. பலர் தனித்தனிச் சொல்லைச் சரிபார்த்துவிட்டு இந்த ஒட்டில்தான் தோற்கிறார்கள்.

தூத்துக்குடி, வங்கி ஊழியர்: வினைச்சொல் எப்படி அண்ணாச்சி?

இறந்தகாலம் சிக்கலில்லை: என்றான், எய்தினான், சாற்றினான். நிகழ்காலத்தில் 'செய்கிறான்' ஆகும். நம்ம பேச்சு 'செய்யுதான்' ஆகாது. ஆனால் 'கேக்கேன்', 'நிக்கேன்' இரண்டும் ஜோராகத் தேறும்! எதிர்காலத்தில்தான் கதவு அடைபடும். அதன் இடைநிலைகளே ப், வ். செய்யும் என்றாலோ கடைசியில் 'உம்'. எதிர்மறை 'செய்யான்' கிடைக்கும். தன்மைப் பன்மை 'ஓம்' இரட்டைக் குற்றம்.

17ஆம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை இத்தனை கெடுபிடிக்குள்தான் பாடினார், அதன்மேல் யமகம் வேறு, அதாவது ஒரே எழுத்துத்தொடர் வேறு வேறு பொருளில் திரும்ப வர வேண்டும். முருகன், குமரன், சண்முகன், வேலன் எதுவும் உதவாது. கந்தன், செந்திலான், கார்த்திகேயன் உதவும்.

வள்ளியூர், ஆசிரியர்: வல்லினம் மட்டும், மெல்லினம் மட்டும், இடையினம் மட்டும்னு சுற்று வச்சா எது கஷ்டம்?

மெல்லினம். நம் மொழியில் ங், ஞ், ண், ந், ம், ன் தம் இன வல்லினத்தையே இழுத்துக்கொண்டு வரும்: ங்க, ஞ்ச, ண்ட. அதனால் சொல் நீளும்போதே உடையும். 'இன்மை' விகுதியைப் பிடித்தால் 'எண்ணமின்மை' வரை போகலாம். உயிரெழுத்துக்கு இனமில்லை, முதலில் வரலாம்.

இடையினத்துக்கு 'இயல்', 'ஆளர்' இரண்டும் முழு இடையினம்: உளவியலாளர், உயிரியலாளர், ஏழேழு எழுத்து. பன்மைக்குப் போகாதீர்கள், ககரம் வந்துவிடும். வல்லினத்தில் துப்பாக்கிச்சூடு 8. அங்கே கெடுத்த 'கு' உருபு இங்கே கைகொடுக்கும்: 'துப்பாக்கிச்சூட்டுக்கு', 11.

கோவில்பட்டி, கணினிப் பொறியாளர்: அகராதிப் பட்டியலை நிரல் வச்சு வடிகட்டினேன். எழுத்து எண்ணிக்கை தப்பா வருது.

யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. 'ஆராய்ச்சியாளர்' 8 எழுத்து, நிரல் 14 என்று சொல்லும். குறிகளையும் புள்ளியையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். இன்னொன்று: 'கொ' என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகத் தட்டியிருப்பார்கள். ஒகரக் குறியை மட்டும் தேடினால் அது நழுவிவிடும். முதலில் முழுப் பட்டியலையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு வடிகட்டுங்கள்.