மதிப்பீட்டாளர் பெயரை ஏஜென்ட் கொடுக்கலாமா?

கேள்வி: மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். 'ஸ்காப்பஸ்' (ஆய்வு ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள ஜர்னலில் 15 நாளில் கட்டுரை போட்டுத் தர ஏஜென்ட் ஒருவர் 22 ஆயிரம் கேட்கிறார். கட்டுரையைப் படித்துத் தரம் சொல்ல ஜர்னல் கேட்கும் மதிப்பீட்டாளர் பெயர்களையும் அவரே பார்த்துக்கொள்வாராம். சம்மதிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அவர் 'பார்த்துக்கொள்ளும்' விதம் இதுதான்: நிஜப் பேராசிரியர் ஒருவரின் பெயர், பக்கத்தில் ஏஜென்டே தொடங்கிய ஜிமெயில் முகவரி. ஜர்னல் அனுப்பும் கட்டுரை ஏஜென்ட் கைக்கே வரும். 'நல்ல ஆய்வு, மொழியைச் சற்றுச் சீராக்கவும்' என்று இரண்டு வரி எழுதி அவரே அனுப்பிவிடுவார். 'ட்யூமர் பயாலஜி' ஜர்னலில் வந்த 107 கட்டுரைகளை ஸ்பிரிங்கர் பதிப்பகம் 2017-இல் மொத்தமாகத் திரும்பப் பெற்றது இப்படிப்பட்ட போலி மதிப்பீட்டால்தான். மாட்டினால் நாறுவது உங்கள் பெயர். ஏஜென்ட் பெயர்தான் கட்டுரையில் எங்குமே இல்லையே!

மதிப்பீட்டாளர் பெயரைப் பரிந்துரைப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஜர்னலே கேட்டால் தரலாம். ஆனால் உங்கள் கல்லூரிக்காரர் கூடாது, கைடு கூடாது, கைடோடு சேர்ந்து சமீபத்தில் கட்டுரை எழுதியவரும் கூடாது. முகவரி அவருடைய நிறுவன மின்னஞ்சலாக, அந்த நிறுவன இணையதளத்தில் நீங்களே பார்த்து எடுத்ததாக இருக்கட்டும். 'உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்' என்று அவருக்குப் போன் போடாதீர்கள். நீங்கள் சொன்னவரைத்தான் ஜர்னல் ஆசிரியர் கூப்பிட வேண்டும் என்பதும் இல்லை.

ஸ்காப்பஸ் தளத்தின் 'சோர்சஸ்' பக்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். ஜர்னலின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வொரு ஜர்னலுக்கும் உரிய அடையாள எண்) போட்டுத் தேடி, நடப்பு ஆண்டு வரை கவரேஜ் இருக்கிறதா, அதாவது ஸ்காப்பஸ் அதை இன்னும் சேர்க்கிறதா என்று பாருங்கள். ஸ்காப்பஸ் சேர்ப்பதை நிறுத்திவிட்ட ஜர்னலையும் ஏஜென்ட்கள் விற்கிறார்கள். அதே பெயரில் போலி இணையதளமும் உண்டு.

இன்னொன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஜர்னல் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு உங்கள் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் 'கேர்' பட்டியலும் 2025-இல் போய்விட்டது. நல்ல ஜர்னல் எது என்று பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும். அது கல்லூரியைக் கைகாட்ட, கல்லூரி கைடைக் கைகாட்ட, கைடு உங்களையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஏஜென்ட் கடை விரிக்க வேறென்ன வேண்டும்?

கட்டுரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தொடர்பு ஆசிரியராக (கட்டுரை எழுதியவர்கள் சார்பில் ஜர்னலோடு பேசுபவர்) எந்த மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஏஜென்டுடையதாகவே இருக்கும். உங்கள் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து நேரே ஜர்னல் ஆசிரியருக்கு எழுதிக் கட்டுரையை விலக்கிக்கொண்டு, பதில் வரும்வரை வேறெங்கும் அனுப்பாமல் இருங்கள்.